பட்சிக்குப் போட்ட மிக்சர்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காலை எட்டே காலுக்கு என் மனைவி ஒரு கவளம் சாதத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு "கா... கா..." என்று இரண்டு தரம் குரல் கொடுப்பாள். மூன்றாம் தரம் கூப்பிட வேண்டிவந்ததாக எனக்கு நினைவில்லை. எதிர்வீட்டு முருங்கையிலிருந்து ஒன்று, டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்திலிருந்து ஒன்று, எங்கிருந்து என்றே தெரியாமல் நாலு. இதை நான் 38 வருஷமாகப் பேப்பருக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறவைக்குச் சோறு வைப்பது என்பது குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு காரியம் என்றுதான் என் எண்ணம். (எங்கள் தெருக் குழாயில் எப்போதும் தண்ணீர் வரும் என்று சொல்லவில்லை. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.)

அந்த எண்ணத்தோடுதான் போன வருஷம் அக்டோபர் நடுவில் லண்டன் போய் இறங்கினேன். பெண் வீடு நகரத்துக்குத் தென்மேற்கே, கிங்ஸ்டன் பக்கம். ஆறு மாத விசா. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. டிசம்பரில் எட்டு மணிக்கு விடிந்து நாலு மணிக்கு முன்பே அஸ்தமனம். பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், ஏழு வயதுப் பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. என் மனைவி இறங்கிய மறுநாளே அடுக்களையைக் கைப்பற்றிவிட்டாள். 34 வருஷம் வங்கியில் கவுண்டரிலும் கணக்கிலும் உட்கார்ந்து ஓய்வு பெற்ற எனக்குத்தான் ஓர் இலாகாவும் ஒதுக்கப்படவில்லை.

அடுக்களை ஜன்னலுக்கு வெளியே கொல்லை. நம் ஊர்க் கொல்லையாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கிணறும் வாழையும் கிடையாது. நீளவாக்கில் ஒரு புல்தரை, இரு பக்கமும் பலகை வேலி, கோடியில் அடர்ந்த புதர், நடுவில் துணி காயப்போடும் கம்பம். வேலியோரம் பறவைக்குத் தீனி போடும் ஒரு ஃபீடர் கிடந்தது. துளை வைத்த பிளாஸ்டிக் குழாய், மேலே மூடி, மாட்டுவதற்கு ஒரு கொக்கி. மாப்பிள்ளை முந்தின வருஷம் வாங்கி, இரண்டு தரம் நிரப்பிவிட்டு மறந்துபோனது. "அதை நான் பார்த்துக்கறேன் மாப்பிள்ளை" என்றேன், அரையாண்டுக் கணக்கை முடித்துக் கொடுக்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லும் அதே குரலில்.

குழாயில் என்ன போடுவது? ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சர் இரண்டு கிலோ இருந்தது. கடலை, பொட்டுக்கடலை, அவல், ஓமப்பொடி. இதற்கு மேல் ஒரு பறவைக்கு என்ன வேண்டும்? நிரப்பினேன். கம்பத்தில் நட்டநடுவாக, அடுக்களை மேஜையில் காபியோடு உட்கார்ந்தால் நேராகத் தெரியும்படி கட்டினேன். கீழே ஒரு தட்டில் தயிர் சாதம், கடுகு தாளித்து. பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

ஒன்பது நாள் உட்கார்ந்தேன்.

"நீங்க ஜன்னல்ல மூஞ்சிய வெச்சிண்டு முறைச்சுண்டிருந்தா எந்தப் பட்சி வரும்? நானே வரமாட்டேன்" என்றாள் மனைவி.

பத்தாம் நாள் பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினார். எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். என் ஏற்பாட்டை நிதானமாகப் பார்த்துவிட்டு, "ரொம்ப சுவாரஸ்யமாக இருக்கிறதே" என்றார். நான் பூரித்துப்போய் மிக்சரின் சேர்மானங்களை ஒவ்வொன்றாக விளக்கினேன். ராத்திரி பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அப்பா, இங்கத்த வயசானவா 'சுவாரஸ்யமா இருக்கு'ன்னு சொன்னா 'என்ன கண்றாவி இது'ன்னு அர்த்தம்."

மறுநாள் அந்த அம்மாளே, மனசு கேட்காமல், விஷயத்தைச் சொல்லிவிட்டார். உப்பு போட்ட எதையும் வைக்கக் கூடாது, சின்னப் பறவைகளின் உடம்பால் அதிகப்படி உப்பை வெளியேற்ற முடியாது. வெறும் சாதமென்றால் தாராளமாக வைக்கலாம், உப்பில்லாமல். அப்புறம், ஃபீடரை வெட்டவெளியில் கட்டினால் எதுவும் வராது. ஸ்பாரோஹாக் என்று ஒன்று இருக்கிறது (நம் ஊர் வல்லூறுக்குப் பங்காளி), அது பாய்ந்து வந்தால் ஒரே தாவலில் புகுந்துகொள்ளப் புதர் வேண்டும். புதருக்குள்ளேயே கட்டினால் பூனை பதுங்கும். ஆகவே புதரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. சரியென்று மாற்றிக் கட்டினேன். அங்கே கட்டினால் என் மேஜையிலிருந்து பாதிதான் தெரியும். பறவைக்குச் சௌகரியமான இடத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பதும், எனக்குக் காட்சி தெரியும் இடத்தில்தான் கட்டியிருந்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. உறைத்ததே தவிர, ஒரு வாரத்துக்குள் நாற்காலியைத் தோட்டக் கதவுப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது எள்ளு விவகாரம். கடையில் பேத்தி ஒரு பையைக் காட்டி, கோல்டுஃபிஞ்ச் என்ற அழகான சிட்டுக்கு இதுதான் உயிர் என்றாள். கறுப்பாக, மெல்லிசாக ஒரு விதை, பெயர் 'நைஜர்'. வேறொன்றுமில்லை, நம் பக்கத்துப் பேயெள்ளுதான். இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் விளைந்து, கப்பலேறிச் சீமைக் குருவிக்குப் போகிறது. விலையைப் பார்த்தேன். எள்ளுக்கு எள்ளு என்று முடிவுகட்டி, டூட்டிங்கில் உள்ள நம் ஊர்க் கடையிலிருந்து கறுப்பு எள் அரைக்கிலோ வாங்கி வந்து குழாயில் கொட்டினேன். துளை வழியாக அவ்வளவும் புல்லில் கொட்டியது. ஈரப் புல்லில் குனிந்து நான் எள் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி வாசற்படியில் வந்து நின்று, "ஏன்னா, இன்னிக்கு யாருக்குத் திவசம்?" என்று கேட்டாள்.

கொழுப்பு உருண்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் பறவைக்கு வேண்டியது கொழுப்பு. ப்ளூ டிட் என்ற நீலத்தலைச் சிட்டின் எடை 11 கிராம்தான். நம் பழைய கனத்த அஞ்சு ரூபாய் நாணயம் 9 கிராம், அந்த நாணயத்தைவிட இரண்டே கிராம் அதிகம். பதினாறு மணி நேர ராத்திரியைத் தாண்டுவதற்குள் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குவரை கரைந்துபோகலாம். எட்டு மணி நேரப் பகலில் அதைத் திரும்பச் சம்பாதித்தாக வேண்டும். இதைப் பேத்தியின் புத்தகத்தில் படித்து உருகிப்போய், கொழுப்பு உருண்டை ஒரு டஜன் வாங்கிவந்து அடுக்களை மேடையில், ஊறப்போட்ட இட்லி அரிசிக்குப் பக்கத்தில் வைத்தேன். என் மனைவி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஏழு வருஷம் ஹிந்தி டீச்சராக இருந்தவள், இங்கிலீஷும் நன்றாகவே படிப்பாள்.

"இதுல மாட்டுக் கொழுப்புன்னு போட்டிருக்கு."

அன்று அடுக்களை மூன்று தரம் கழுவப்பட்டது. ஊறின அரிசி கொட்டப்பட்டது. நான் ஸ்நானம் செய்தேன், ஐந்து டிகிரிக் குளிரில், காலையில் ஒரு தரம் செய்தது போக. உருண்டைகள் மாப்பிள்ளையின் சைக்கிள் ஷெட்டுக்கு நாடு கடத்தப்பட்டன. அவற்றை எடுத்து மாட்டும் பொறுப்பு பேத்தியிடம் போயிற்று. அவள் அதற்கு வாரம் ஒரு பவுண்ட் கூலி வாங்கினாள்.

இவ்வளவுக்கும் பிறகு, நவம்பர் கடைசியில், சூரியகாந்திப் பருப்பு நிரப்பிய ஆறாம் நாள், முதல் ப்ளூ டிட் வந்தது. ஒரு பருப்பை எடுத்தது, புதருக்குள் ஓடிற்று, திரும்ப வந்தது. நான் அடுக்களையில் கத்தின கத்தலில் குக்கர் விசிலைக்கூட மனைவி எண்ணத் தவறிவிட்டாள். இந்தச் சிட்டை லேசாக எண்ணிவிடாதீர்கள். 1921லேயே சௌத்தாம்ப்டனை ஒட்டிய ஸ்வெய்த்லிங் என்ற ஊரில், வாசலில் வைத்த பால் பாட்டிலின் மூடியைக் கிழித்து மேலாகப் படிந்த ஆடையைக் குடிக்கும் வித்தையை இந்த ஜாதிக் குருவிகள் கற்றுக்கொண்டுவிட்டன. பிறகு நாடெங்கும் அந்த வித்தை பரவிற்று. அந்த ஃபீடரின் மூடியைத் திறக்க எனக்கு முதல் நாள் இருபது நிமிஷமும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் தேவைப்பட்டன.

சிட்டு வந்தால் அணிலும் வரும். நம் ராமர் கோடு போட்ட அணில் இல்லை. பூனைக்குட்டி அளவு சாம்பல் அணில். 1876ல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து செஷையரில் விட்டார்கள், இன்றைக்கு அந்த நாட்டுச் சிவப்பு அணிலையே விரட்டிவிட்டது. ஃபீடரில் தலைகீழாகத் தொங்கி, பத்து நிமிஷத்தில் ஒரு நாள் தீனியைக் காலி பண்ணிவிடும். இதற்கு ஒரு மருந்து படித்தேன். படித்ததும் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்ததற்காகப் பெருமைப்பட்டேன். மிளகாய்! மிளகாயின் காரம் பாலூட்டிகளுக்குத்தான் எரியும். பறவைகளுக்கு அந்தச் சுருக் உணர்வே கிடையாது. கிளி எத்தனை மிளகாய் தின்றாலும் கண் கலங்காமல் இருக்கிற ரகசியம் இதுதான். விதையை மென்று நாசமாக்கும் எலி அணிலை ஒதுக்கி, முழுசாக விழுங்கித் தூர தேசம் கொண்டுபோகும் பறவைக்கு மட்டும் மிளகாய்ச் செடி கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஊர் மில்லில் அரைத்த மிளகாய்த் தூள் ஒரு டப்பா இருந்தது. சீமைக்காரன் என்ன தூள் போட்டானோ, நான் நம் அளவில் மூன்று கரண்டி போட்டேன். பருப்பில் பிசிறிக் குழாயில் கொட்டும் நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்தது.

நானும் பாலூட்டி என்பதை அன்றைக்கு மறந்துவிட்டேன். கண் இரண்டும் போயிற்று என்றே நினைத்தேன். தட்டுத்தடுமாறி உள்ளே வந்து குழாயடியில் நின்ற என்னை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி வீடியோ எடுத்தாள். அணில் என்ன செய்தது என்று கேட்பீர்கள். முதல் வாய் வைத்ததும் துள்ளிக் குதித்தது, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அரை மணியில் மறுபடி வந்தது. ஒரு வாரத்தில் அதற்குப் பழகிவிட்டது. ஆந்திராவில் கொண்டுபோய் விட்டாலும் இனி அது பிழைத்துக்கொள்ளும்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் காலையில் கொல்லையே பச்சையாயிற்று. கிளிகள்! சாட்சாத் நம் ஊர்ப் பச்சைக்கிளிகள், சிவந்த மூக்கும் கழுத்தில் ரோஜா வளையமுமாக, ஒன்பது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இந்தத் தரம் மிளகாய் இல்லாமல். 1969லிருந்து அந்த நாட்டில் கூண்டுக்கு வெளியே கூடு கட்டிக் குஞ்சு பொரித்து வருகின்றன. கிடார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஒரு ஜோடியைத் திறந்துவிட்டார் என்று ஒரு கதை, 'ஆப்பிரிக்கன் குயின்' படப்பிடிப்பிலிருந்து தப்பியவை என்று இன்னொரு கதை. இரண்டுக்கும் ஆதாரமில்லை, கூண்டிலிருந்து அவ்வப்போது தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகியதுதான் என்று 2019ல் ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. எனக்கு அதெல்லாம் எதற்கு? நான் கதவைத் திறந்துகொண்டு போய், "வாங்கோ, வாங்கோ, சௌக்கியமா?" என்று தமிழில் கேட்டேன். பதினைந்து நாள் தினமும் அவற்றுக்குத் தனிக் கவனிப்பு. கடலை, ஆப்பிள், ஒரு நாள் கொய்யாப்பழம்கூட.

அந்தப் பதினைந்து நாளில் ப்ளூ டிட் ஒன்றுகூட வரவில்லை. கிளி உட்கார்ந்த இடத்தில் சின்னப் பறவை நெருங்காது. விடிந்தால் அவை போடும் கூச்சலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள், "உங்கள் நண்பர்கள் இன்று ரொம்ப உற்சாகமாக இருக்கிறார்கள்" என்றார். இதற்குள் எனக்கு அந்த பாஷை கொஞ்சம் புரிய ஆரம்பித்திருந்தது. மரபணுவை வைத்துப் பார்த்தவர்கள், ஐரோப்பாவில் உள்ள இந்தக் கிளிகளின் மூதாதையர் பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியப் பக்கத்தவை என்கிறார்கள் என்று மாப்பிள்ளை வேறு எடுத்துக் கொடுத்தார். இரண்டு வாரமாக நான் தமிழில் குசலம் விசாரித்தது அவற்றுக்குப் புரியவே இல்லை. ஹிந்தி டீச்சராக இருந்தவளை அனுப்பியிருக்க வேண்டும்.

நடுவில் ஒரு சின்ன அவமானம். பழுப்பாக, மார்பில் லேசான புள்ளியோடு ஒரு பறவையைப் படமெடுத்து, "இங்கிலாந்தில் அபூர்வமாகக் காணப்படும் காட்டுப் பறவை" என்று குறிப்பெழுதி, ஊரில் உள்ள ஓய்வுபெற்ற ஊழியர் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 41 பேர் கைகூப்பினார்கள். அது பிளாக்பேர்டின் பெட்டை. பிளாக்பேர்டு என்று பெயர் வைத்துவிட்டு பெட்டையைப் பழுப்பாக விட்டது யார் தப்பு? எப்படியும், திருத்தம் அனுப்பவில்லை.

கோபுவைப் பற்றி எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. கோபு ஒரு ராபின். செம்மார்பும் குச்சிக் காலுமாக, கிறிஸ்துமஸ் அட்டையில் பனிமேல் நிற்குமே, அதே பறவை. நான் கொல்லையில் மண்ணைக் கிளறினால் ஓரடி தூரத்தில் வந்து நின்று தலையைச் சாய்த்து என்னையே பார்க்கும். மற்றவையெல்லாம் தீனிக்காக வருபவை, இவன் ஒருவன் எனக்காக வருகிறான் என்று தீர்மானித்தேன். பேர் வைத்தேன். பென்ஷன் அரியர் விவகாரத்தை ஒரு நாள் முழுக்க அவனிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டான். குளிர்காலத்தில் மற்ற பறவையெல்லாம் வாய் மூடிக்கிடக்க இவன் மட்டும் பாடினான். எனக்காகத்தான்.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்த ராபின் அவர் வீட்டிலும் தினம் பத்து மணிக்கு ஆஜராம். அங்கே அதன் பேர் மார்கரெட். அதற்கடுத்த வீட்டில் வேறு பேர். அது யாருக்காகவும் வருவதில்லை, மண் கிளறினால் புழு வரும் என்பதற்காக வருகிறது. காட்டில் பன்றி மண்ணைக் கிண்டினால் அதன் பின்னாலேயும் இப்படித்தான் வந்து நிற்கும். ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லவும் முடியாது, இரண்டும் ஒரே மாதிரி. குளிர்காலத்தில் பெண்ணும் தனக்கென்று ஒரு எல்லை பிடித்துக்கொண்டு பாடும். அந்தப் பாட்டுக்கு "உள்ளே வந்தால் கொன்றுவிடுவேன்" என்பதுதான் பொருள். மூன்று மாதமாக ஒரு பன்றியின் ஸ்தானத்தில் நின்று, கோமதியாக இருக்கக்கூடிய ஒரு ஜீவனிடம் பென்ஷன் அரியர் பற்றிப் பேசியிருக்கிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் கனு. மஞ்சள் இலை கிடைக்கவில்லை, டூட்டிங் வாழை இலையில் என் மனைவி மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், வெள்ளைச் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் பிடி பிடியாக வைத்தாள். வெள்ளையாகப் பனி உறைந்த புல்தரையில் அந்த நிறங்களைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. புடவைக்கு மேல் மாப்பிள்ளையின் ஓவர்கோட். இரண்டு தரம் "கா... கா..." என்றாள். இது கும்பகோணம் இல்லையே என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் கோடி மரத்திலிருந்து ஒரு காக்கை இறங்கிற்று, கழுத்தில் சாம்பல் இல்லாத முழுக் கறுப்பு, நம் காக்கையைவிட ஒரு சுற்றுப் பெரியது. அப்புறம் இரண்டு. அப்புறம் கறுப்பும் வெள்ளையுமாக வால் நீண்ட மாக்பை, அதுவும் காக்கை இனம்தான். ஐந்து நிமிஷத்தில் இலை காலி. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்க் காபி கலக்க ஆரம்பித்தாள். மூன்று மாதச் செலவுக் கணக்கு என் டைரியில் இருந்தது. அன்றைக்கு அதைத் திறக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கத் தகுந்தவை. இனிச் சொல்லப்போவது அப்படியில்லை.

கனு முடிந்த நாலாம் நாள் ஒரு கிரீன்ஃபிஞ்ச் வந்தது. இலைப் பச்சையில், தடித்த அலகோடு, சிட்டுக்குருவி அளவு. மற்றவை நான் கதவைத் திறந்தாலே பறந்துவிடும், இது பறக்கவில்லை. இறகையெல்லாம் உப்பிக்கொண்டு ஃபீடரின் குச்சியில் உட்கார்ந்தபடியே இருந்தது. பருப்பை எடுக்கும், வாயில் உருட்டும், கீழே போடும். நான் கையெட்டும் தூரம்வரை போனேன். பயமில்லை. கடைசியில் ஒரு பறவை என்னை நம்பிவிட்டது என்று உள்ளே வந்து எல்லோரிடமும் சொன்னேன். பேத்தியைக் கூட்டிவந்து காட்டினேன். மத்தியானம் முழுக்க அது அங்கேயே இருந்தது.

மறுநாள் காலை புதரடியில் கிடந்தது.

டிரைக்கோமோனோசிஸ் என்று பேர். தொண்டையில் வரும் ஒட்டுண்ணி. விழுங்க முடியாது, பட்டினியில் சாகும். புறாக்களில் பழைய நோய்தான், 2005 வாக்கில் பிரிட்டனின் ஃபிஞ்ச் பறவைகளுக்குத் தாவிற்று. சாதாரணமாக எங்கும் கண்ட கிரீன்ஃபிஞ்ச் இதனால் கொத்துக் கொத்தாக விழுந்து, 2021ல் அங்கே ஆபத்திலிருக்கும் பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. நோயுள்ள பறவையின் எச்சில் பட்ட தீனியிலும் தண்ணீரிலும்தான் அது பரவுகிறது. பல பறவைகள் ஒரே இடத்தில் வாய் வைக்கும் ஃபீடர் அதற்கு நல்ல சௌகரியம். ஃபீடரை வாரம் ஒரு தரமாவது கழுவிக் காயவைக்க வேண்டும். தண்ணீர்த் தட்டைத் தினமும்.

அக்டோபரிலிருந்து அந்தக் குழாயை நான் ஒரு தரமும் கழுவவில்லை. மேலே மேலே கொட்டிக்கொண்டே இருந்தேன். அடியில் பழைய பருப்பு ஈரத்தில் பூசணம் பிடித்துக் கறுத்திருந்தது. என் ஃபீடரிலிருந்துதான் அதற்கு நோய் வந்தது என்று சொல்ல முடியாது, வேறெங்கோ வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் வந்து உட்கார்ந்த அந்த ஒரு மத்தியானத்தில் எத்தனை வாய்க்கு என் குழாய் அதை எடுத்துக் கொடுத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அதை விரட்டியிருந்தால், ஃபீடரை அப்போதே கழற்றியிருந்தால், என்றெல்லாம் யோசித்தேன். நான் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். சாகப்போகிற ஒரு ஜீவனின் தள்ளாமையை அன்பு என்று எடுத்துக்கொண்டவன் நான்.

கையுறை போட்டுக்கொண்டு வேலியோரம் புதைத்தேன். பேத்தி கேட்டபோது பறந்துவிட்டது என்றேன். சாயங்காலமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. புதிதாகக் கிளறின மண்ணைப் பார்த்து ராபின் வந்து நின்றிருக்கிறது, அவள் ராபினைப் பார்க்கப் போயிருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி வந்து, "தாத்தா, ஃபீடர் கழுவற பிரஷ் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லாவற்றையும் கழற்றினோம். கிருமிநாசினியில் ஊறவைத்து, தேய்த்து, காயவைத்து ஷெட்டில் வைத்தோம். குறைந்தது இரண்டு வாரம் எதுவும் வைக்கக் கூடாது, கூட்டம் கலைய வேண்டும். சரியாக அந்த இரண்டு வாரத்துக்கு நடுவில் வந்தது ஜனவரி கடைசி வார இறுதி.

அந்த நாட்டில் அது ஒரு திருவிழா. ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979லிருந்து நடத்துகிறது. லட்சக்கணக்கான பேர் அவரவர் தோட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பறவைகளை எண்ணி அனுப்புவார்கள். வந்ததையெல்லாம் கூட்டக் கூடாது, ஒரே சமயத்தில் எத்தனை தெரிந்ததோ அந்த அதிகபட்சம் மட்டும்தான் கணக்கு. ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் இரட்டை எண்ணிக்கை ஆகிவிடும் அல்லவா? இந்த விதியை எழுதியவர் எங்கள் வங்கியில் ஆடிட்டராக இருந்திருக்கலாம். இருபது வருஷத்துக்கு மேலாக அதில் முதலிடம் நம் சிட்டுக்குருவிக்குத்தான்.

டிசம்பரிலேயே பேத்தியின் பெயரைப் பதிந்து, அவள் வகுப்பிலும் சொல்லி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போர்வையும் ஹார்லிக்ஸும் நோட்டுமாக உட்கார்ந்தோம். காலிக் கம்பம். லேசான தூறல். நாற்பது நிமிஷத்தில் ஒரு காட்டுப்புறா, இரண்டு மாக்பை. வேலிமேல் ராபின் ஒன்று, அதுவும் பாதிதான் எங்கள் பக்கம், வால் அடுத்த வீட்டில்.

"ப்ளூ டிட் ரெண்டு போட்டுக்கோ" என்றேன்.

"எங்க?"

"இப்ப இல்லை. தினம் வருமே. சராசரி."

34 வருஷத்தில் ஒரு பைசாப் பிசகாமல் பார்த்துக்கொண்ட கை. சாயங்காலம் நாலு ரூபாய் இடித்தால் ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேடின ஆள். பேத்தி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தாத்தா, அது சீட்டிங்."

அவள் காட்டுப்புறா ஒன்று, மாக்பை இரண்டு, ராபின் ஒன்று என்றே அனுப்பினாள். ஒன்றுமே வராவிட்டாலும் அதையும் அனுப்பச் சொல்லித்தான் கேட்கிறார்களாம். இல்லாததும் அவர்களுக்கு ஒரு தகவல்.

ஏப்ரல் முதல் வாரம் ஊர் திரும்பினோம். ஃபீடர் இலாகா பேத்தியிடம் போய்விட்டது. ஞாயிறு தோறும் கழுவி, காயவைத்து, அரைக் குழாய் மட்டும் நிரப்புகிறாள். ராத்திரி வீடியோ காலில் நோட்டைப் பிரித்து எனக்குக் கணக்கு ஒப்பிக்கிறாள், நான் இங்கே ஒரு லெட்ஜரில் ஏற்றிக்கொள்கிறேன். போன ஞாயிறு ராபின் ஒன்று, ப்ளூ டிட் நாலு, கிளி பதினொன்று, காட்டுப்புறா இரண்டு. கிரீன்ஃபிஞ்ச் சைபர்.